ஸ்பாவுக்கு விளம்பரம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது – முழுமையான வழிகாட்டி

புதிதாக ஸ்பா திறப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றேதான்: "இன்ஸ்டாவில் ஆட் போட எவ்வளவு ஆகும்?" அதற்கான பதில் இந்தக் கட்டுரையில் பத்தாவது இடத்தில்தான் வருகிறது. முன்னால் உள்ள ஒன்பதையும் செய்யாமல் ஆட் போட்டால், காசு கொடுத்து ஆட்களை வாசல் வரை வரவைத்து வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியதாக முடியும். இதை நான் ஒருமுறை என் காசிலும், நாலைந்து முறை மற்றவர்கள் காசிலும் பார்த்துவிட்டேன்.

இரண்டு முதல் ஐந்து ரூம் வரை உள்ள மசாஜ் சென்டர், டே ஸ்பா, ஆயுர்வேத எண்ணெய் சிகிச்சை தரும் சிறிய இடம் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஸ்பாவுக்கு இது பொருந்தாது. அங்கே வாடிக்கையாளர் ஏற்கெனவே மாடியில் ரூம் போட்டிருக்கிறார்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உள்ளாட்சித் தொழில் உரிமம், வாடகை ஒப்பந்தம், தெரபிஸ்ட்களின் பயிற்சிச் சான்றிதழ்கள் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கூகுள் உங்கள் கடையைச் சரிபார்க்கும்போதும், யாராவது புகார் சொல்லி பக்கம் முடங்கும்போதும் இந்த ஃபைல்தான் காப்பாற்றும்.

கடைக்கென்று தனி சிம். முதலாளியின் சொந்த எண்ணை போர்டில் போட்டுவிட்டு, அவர் கோயிலுக்குப் போன நாளெல்லாம் புக்கிங் இழந்த இடம் ஒன்று எனக்குத் தெரியும். எண்ணை மாற்றலாம் என்றால் போர்டு, கார்டு, மேப் எல்லாம் மாற்ற வேண்டும். முதல் நாளே செய்துவிட்டால் வேலை மிச்சம்.

யுபிஐ கியூஆர் கடையின் பெயரில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்ததும் ஏதோ ஒரு தனியாள் பெயரோ, பழைய டிராவல்ஸ் பெயரோ வந்தால் புதிதாக வருபவர் ஒரு நொடி தயங்குவார். ஏன் தயங்குகிறார் என்பதை இரண்டாவது பகுதியில் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு நீள நோட்டு. மென்பொருள் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

## 1. எந்த நேரம் காலி என்று எழுதுங்கள்

இரண்டு வாரம், நாள்தோறும், மணிவாரியாக எந்த ரூமில் ஆள் இருந்தது, எது சும்மா கிடந்தது என்று குறியுங்கள். "மொத்தத்தில் கூட்டம் கம்மி" என்பது கணக்கில் சேராது. நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் சனி, ஞாயிறு மாலை நிரம்பி வழியும். செவ்வாய், புதன் மதியம் ஈ ஓட்டும். நிரம்பிய நேரத்துக்கு இன்னும் ஆள் கூப்பிடும் விளம்பரம் வெறும் செலவு.

அடுத்து, உண்மையில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது என்று போடுங்கள். 60 நிமிட மசாஜ் 60 நிமிடத்தில் முடிவதில்லை. எண்ணெய் துடைத்து, விரிப்பு மாற்றி, வந்தவர் குளித்துத் தலை துவட்டி வெளியே வர இன்னும் 20 நிமிடம். ஆக 80 நிமிடம். காலை 10 முதல் இரவு 8 வரை திறந்தால் ஒரு ரூமுக்கு ஏழு ஸ்லாட், மூன்று ரூமுக்கு 21.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ரூம் 21 பேருக்குத் தாங்கும், கை தாங்காது. முழு உடல் மசாஜ் நாளுக்கு ஐந்துக்கு மேல் ஒரு தெரபிஸ்ட் செய்தால் ஆறாவது ஆளுக்குக் கிடைப்பது தடவல்தான். மூன்று தெரபிஸ்ட் என்றால் உங்கள் உண்மையான எண் 15. அதிலும் பெண் தெரபிஸ்ட் ஒருவர்தான் என்றால் பெண் வாடிக்கையாளருக்கு நாளுக்கு ஐந்து இடமே. மகளிர் தினத்துக்குப் பெரிய ஆஃபர் போட்டு, வந்த பெண்களில் பாதிப் பேரை "அடுத்த வாரம் வாங்க மேடம்" என்று அனுப்பிய கதை இந்தக் கணக்கைப் போடாததால் வந்தது.

## 2. 'அந்த மாதிரி இடமா?' – இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்

நம் ஊரில் ஸ்பா என்றதும் பலருக்கு நினைவு வருவது போலீஸ் ரெய்டுச் செய்திதான். கசப்பாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சலூனுக்கோ பார்லருக்கோ இந்தச் சுமை இல்லை. உங்கள் முதல் போட்டியாளர் எதிர்க்கடை ஸ்பா அல்ல. "வேண்டாம், யாராவது பார்த்தால் என்ன நினைப்பாங்க" என்ற எண்ணம்.

நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த காலம். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, கையில் காய்கறிப் பை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எங்கள் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இணையத்தில் எடுத்த படம்தான்: வெளிநாட்டுப் பெண், வெறும் முதுகு, அதன் மேல் கறுப்புக் கற்கள், காதோரம் ஒரு பூ. நான் எழுந்து கதவைத் திறப்பதற்குள் போய்விட்டார். மறுவாரம் மகளோடு வந்தார். தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லையாம். போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் படத்தை எடுத்துடும்மா. நான் அன்னிக்கே வந்திருப்பேன்."

அன்று மாலையே கிழித்தோம். அதற்குப் பதில் எங்கள் ரிசப்ஷன், யூனிஃபார்மில் நிற்கும் தெரபிஸ்ட்கள், வெள்ளை விரிப்பு போட்ட காலி ரூம் என மூன்று படங்களை போனில் எடுத்து பிரிண்ட் போட்டோம். பளபளப்பு குறைவுதான். ஆனால் பெண் குரலில் வரும் போன்கள் கூடின.

எனவே இந்தப் படியில் செய்ய வேண்டியவை இவை. இணையத்துப் படங்களை எடுத்துவிடுங்கள். மசாஜ் நடக்கும் படமே தேவையில்லை. கண்ணாடிக் கதவில் ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கரை உரியுங்கள். ரிசப்ஷன் தெருவிலிருந்து தெரியட்டும். உரிமத்தை ஃபிரேம் போட்டு மாட்டுங்கள். "பெண்களுக்குப் பெண் தெரபிஸ்ட், ஆண்களுக்கு ஆண் தெரபிஸ்ட்" என்று நடத்துகிறீர்கள் என்றால் அதை போர்டிலேயே எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்கக் கூச்சப்படும் முதல் கேள்வி அது.

எழுத்திலும் கவனம் வேண்டும். 'ஸ்பெஷல் சர்வீஸ்', 'ஹாட்', 'இளம் பெண் தெரபிஸ்ட்கள்', 'தனிமை உறுதி' போன்ற சொற்களைத் தெரியாமல் போடுபவர்களும் உண்டு. தெரிந்தே போடுபவர்களும் உண்டு. விளைவு ஒன்றுதான். தவறான நோக்கத்தோடு வருபவரிடம் மாட்டிக்கொள்வது உங்கள் தெரபிஸ்ட்தான், மூடிய ரூமுக்குள். இரண்டு முறை அப்படி நடந்தால் நல்ல தெரபிஸ்ட் வேலையை விட்டுவிடுவார், அதன் பிறகு எந்த விளம்பரமும் உதவாது.

கேமரா விஷயம். வாசலிலும் ரிசப்ஷனிலும் வையுங்கள். 'எங்கள் ஸ்பா முழுக்க சிசிடிவி' என்று பெருமையாகப் போஸ்ட் போடாதீர்கள். படிப்பவருக்கு ரூமுக்குள்ளும் கேமரா என்றுதான் தோன்றும். ஸ்பாவுக்குள் கேமரா பொருத்துவது ஒருவரின் அந்தரங்க உரிமையில் தலையிடுவது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஜனவரியில் சொன்னது.

## 3. மெனு கார்டை வீட்டில் பேசும் சொற்களில் எழுதுங்கள்

ஸ்வீடிஷ், பாலினீஸ், டீப் டிஷ்யூ, அப்யங்கம், சிரோதாரா. நமக்கு இது தினசரிப் பேச்சு. வருபவருக்கு எல்லாம் ஒன்றுதான். எனவே விலை குறைந்ததைக் கை காட்டுவார். பிறகு "சும்மா தடவினாங்க" என்றோ "உயிரே போச்சு" என்றோ ரிவ்யூ எழுதுவார். தவறு மெனுவுடையது.

ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி போதும்: எண்ணெய் உண்டா, அழுத்தம் எவ்வளவு, என்ன உடையில் இருக்க வேண்டும், எவ்வளவு நேரம், யாருக்குப் பொருந்தும். தாய் மசாஜ் என்றால் இப்படி எழுதலாம்: "எண்ணெய் கிடையாது. தளர்வான உடை நாங்களே தருவோம். கை கால்களை இழுத்து, மடக்கிச் செய்வது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் விரும்புவது." சிரோதாராவுக்கு "நெற்றியில் வெதுவெதுப்பான எண்ணெய் தாரை, தலை முழுக்க எண்ணெயாகும், முடிந்ததும் இங்கேயே குளிக்கலாம்" என்று போட்டால், அதற்கு மேல் கேட்க ஒன்றுமிருக்காது.

எண்ணிக்கையையும் குறையுங்கள். 38 வகை போட்ட கார்டு ஒன்றைப் பார்த்தேன். எது எது எவ்வளவு போகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஐந்துதான் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. எட்டு வகைக்கு மேல் வேண்டாம்.

விலையை வரியோடு சேர்த்துப் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அழகு, உடல்நலப் பராமரிப்புச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. உள்ளீட்டு வரியை, அதாவது எண்ணெய், டவல் வாங்கும்போது நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியை, கழித்துக்கொள்ள முடியாது. பழைய கார்டில் '18% வரி தனி' என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. வருபவர்கள் பேப்பர் படிக்கிறார்கள். இந்த ஒரு வரியிலேயே உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

"விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்" என்பதை அடியோடு விடுங்கள். புடவைக் கடைக்கு அது ஒத்துவரலாம். ஸ்பாவில் மறைத்த விலை சந்தேகத்தைத்தான் கூட்டும்.

## 4. நோயைக் குணப்படுத்துவதாக எழுதாதீர்கள்

'சர்க்கரை நோய் குறையும்', 'பக்கவாதம் சரியாகும்', 'ஒரே மாதத்தில் 8 கிலோ குறைப்பு', 'உடலின் நச்செல்லாம் வெளியேறும்'. துண்டுப் பிரசுரம் அடிக்கும் பிரஸ்காரரே சில நேரம் இதையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடுவார். அச்சுக்கு முன் நீங்களே எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு, பக்கவாதம், உடல் பருமன் எல்லாம் இருக்கின்றன. இவற்றைத் தீர்ப்பதாக மருந்தையோ எண்ணெயையோ விளம்பரம் செய்யக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

சட்டத்தை விடுங்கள். 'மூட்டுவலி தீரும்' என்று படித்து வந்தவர் தீராவிட்டால் திரும்ப வரமாட்டார். 'முதுகு இறுக்கம் தளரும், நன்றாகத் தூக்கம் வரும்' என்று படித்து வந்தவருக்கு அன்று இரவே அது நடக்கும். சொன்னதும் கிடைத்ததும் ஒன்றாக இருக்கும் வாக்கியத்தையே போடுங்கள்.

யாருக்கு மசாஜ் செய்யமாட்டீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்: காய்ச்சல், காலில் ரத்தம் உறைந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர், மருத்துவர் சம்மதமில்லாத கர்ப்பிணி. இதைப் படித்து யாரும் ஓடமாட்டார்கள். 'இவங்களுக்கு வேலை தெரியும்' என்றுதான் நினைப்பார்கள்.

## 5. போன், வாட்ஸ்அப்: முதல் பத்து நிமிடம்

சிறிய ஸ்பாக்களில் ரிசப்ஷனில் இருப்பவரே டவல் மடிப்பார், எண்ணெய் சூடு பண்ணுவார், வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பார். நடுவே போன் அடித்து நிற்கும். தவறிய அழைப்புகளை ஒரு வாரம் எண்ணுங்கள். ஆட் போடுவதற்கு முன் ஒரு பகுதிநேர ஆளைப் போடுவது லாபம் என்று பெரும்பாலும் தெரியவரும்.

வாட்ஸ்அப்பில் வருவது "ரேட்?" என்ற ஒற்றைச் சொல். வழக்கமாக நடப்பது: மெனு படம் அனுப்புவோம், இரண்டு நீல டிக் விழும், அவ்வளவுதான். மாற்றாக இதைச் செய்து பாருங்கள்:

"வணக்கம் மேடம். 60 நிமிட ஆயில் மசாஜ் வரியோடு 2,100 ரூபாய், பெண் தெரபிஸ்ட்தான் செய்வாங்க. உங்களுக்கா, வீட்ல வேற யாருக்காவதா மேடம்? நாளைக்கு 11 மணிக்கும் 3 மணிக்கும் இடம் இருக்கு."

விலை முதல் வரியிலேயே போய்விட்டது; கேட்காத கேள்விக்கும் பதில் போய்விட்டது; அவர் சொல்ல வேண்டியது 11 அல்லது 3 மட்டும். இதை வாட்ஸ்அப் பிசினஸில் விரைவு பதிலாகச் சேமித்துக்கொண்டால் யார் ரிசப்ஷனில் இருந்தாலும் ஒரே பதில் போகும்.

"எக்ஸ்ட்ரா இருக்கா?" என்று கேட்கும் போன்களும் வரும். சிரித்து மழுப்பவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். "இல்லீங்க சார், இங்க தெரபி மட்டும்தான். ஆண்களுக்கு ஆண் தெரபிஸ்ட்." போனை வைத்துவிடுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மழுப்பினால் ஆள் நேரில் வந்து நிற்பார்.

புக்கிங்குக்கு 200 ரூபாய் முன்பணம் வாங்குங்கள். சொல்லிவிட்டு வராதவர்களால் போவது ஒரு ஸ்லாட் மட்டுமில்லை, திருப்பி அனுப்பிய இன்னொருவரும்தான். முன்பணம் வந்ததும் மேப் இணைப்பு, எந்த மாடி, வண்டி எங்கே நிறுத்துவது, "சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று ஒரே செய்தியில் அனுப்பிவிடுங்கள். முதல்முறை வருபவரின் படபடப்பு பாதி குறையும்.

## 6. கூகுள் மேப்பைச் சரிசெய்யுங்கள்

இதற்குக் காசில்லை, எனவே யாரும் மதிப்பதில்லை. 'பக்கத்தில் மசாஜ்' என்று தேடுபவர் அன்றே வரக்கூடியவர். இன்ஸ்டாவில் ரீல்ஸ் பார்ப்பவர் பொழுதுபோக்குகிறவர்.

பெயர்: போர்டில் உள்ள பெயர் மட்டும். 'பெஸ்ட் ஸ்பா இன் கோயம்புத்தூர் ஃபுல் பாடி மசாஜ்' என்று வாலை நீட்டினால் கூகுள் விதிப்படி பக்கத்தை முடக்கலாம். ஸ்பாக்கள் மேல் ஏற்கெனவே கண் இருக்கிறது. முடங்கினால் மீட்பதற்கு வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

வகை: உண்மையில் நீங்கள் எதுவோ அது. ஆயுர்வேத மருத்துவர் இல்லாமல் 'ஆயுர்வேத கிளினிக்' என்று போடாதீர்கள். வீட்டுக்குப் போய் மட்டும் மசாஜ் செய்பவர் என்றால் முகவரியை மறைத்து, எந்தப் பகுதிகளுக்குப் போவீர்கள் என்று மட்டும் காட்டலாம்.

சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கும். தெருப்பெயர்ப் பலகையிலிருந்து தொடங்கி, போர்டு, கதவைச் சாவியால் திறப்பது, உள்ளே உரிமம் என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். சாவி போட்டுத் திறப்பது முக்கியம். இடம் உங்கள் கையில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

நேரத்தைப் பண்டிகைக்குப் பண்டிகை மாற்றுங்கள். பொங்கலன்று 'திறந்திருக்கிறது' என்று காட்டி, வந்து பார்த்தால் ஷட்டர் மூடியிருந்தால் அவர் எழுதும் ஒரு நட்சத்திரத்துக்கு உங்களிடம் பதில் இருக்காது.

## 7. ரிவ்யூ கேட்கும் நேரமும் விதமும்

பணம் கட்டும்போது கேட்காதீர்கள். மனம் பில்லில் இருக்கும். குளித்து முடித்து, சுக்குக் காபியோ மூலிகை டீயோ கையில் வாங்கி உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் சரியான நேரம். தெரபிஸ்டே வந்து "எப்படி இருந்துச்சு மேடம்?" என்று கேட்கட்டும். மேசையில் கியூஆர் இருக்கட்டும்.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவது கூகுள் விதிக்கு எதிரானது. திருப்தியாளர்களிடம் மட்டும் இணைப்பைக் கொடுத்து மற்றவர்களைத் தவிர்ப்பதும் அப்படியே. காசு கொடுத்து ரிவ்யூ வாங்குபவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: ஒரே வாரத்தில் 40 ஐந்து நட்சத்திரம், அத்தனையும் ஆண் பெயர்கள், 'நைஸ் கேர்ள்ஸ் குட் சர்வீஸ்' என்ற எழுத்து. ஒரு ஸ்பாவின் பெயரைக் கெடுக்க இதைவிட வேறு வேண்டியதில்லை. தானாகவே அப்படி எதுவும் வந்தாலும் புகார் செய்து நீக்கப் பாருங்கள், ஐந்து நட்சத்திரமாக இருந்தாலும்.

இன்னொன்று. இந்தத் தொழிலில் பலர் தங்கள் பெயரில் ரிவ்யூ எழுதக் கூச்சப்படுவார்கள். வற்புறுத்தாதீர்கள்.

## 8. தள்ளுபடிக்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

ஒரு கணக்குக்கு, வரி நீக்கி மசாஜ் விலை 2,000 ரூபாய். எண்ணெய் 120, டவல் விரிப்பு லாண்டரி 130, தெரபிஸ்ட் ஊக்கத்தொகை 250. ஆக ஒரு ஆள் வந்தால் உடனே போவது 500. மீதி 1,500 வாடகைக்கும் சம்பளத்துக்கும் கரண்டுக்கும்.

பாதி விலை ஆஃபர் போட்டால் வரவு 1,000. செலவு அதே 500. மீதி 500. அதாவது முன்பு ஒருவரிடம் கிடைத்தது இப்போது மூன்று பேருக்குச் செய்தால்தான் கிடைக்கும். கூட்டம் இரண்டு மடங்கானாலும் நஷ்டம். மூன்று மடங்கானால்தான் பழைய நிலை, அதுவும் மும்மடங்கு கைவலியோடு. இதை முதலாளிகளுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டும்போது அமைதியாகிவிடுவார்கள்.

பாதி விலைக்கு வந்தவர் முழு விலைக்கு வருவதும் அரிது. அவர் அடுத்த ஸ்பாவின் ஆஃபருக்குப் போவார். முழு விலை கொடுத்த பழைய வாடிக்கையாளர் போஸ்டரைப் பார்த்து, "நாங்க ஏமாளியா?" என்று கேட்பார். கேட்பவர் பரவாயில்லை, பலர் கேட்காமலே நின்றுவிடுவார்கள்.

விலையைத் தொடாமல் காலி நேரத்தை நிரப்பும் வழி ஒன்று. நம் வீடுகளில் எண்ணெய்க் குளியல் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உங்கள் நோட்டில் ஈ ஓட்டும் நாட்களும் செவ்வாய், புதன்தானே. செவ்வாய் பகலில் பெண்களுக்கு எண்ணெய் மசாஜோடு சீயக்காய்க் குளியலும், புதனன்று ஆண்களுக்கு அதே போலவும், வழக்கமான விலைக்கே 20 நிமிடத் தலை மசாஜ் கூடுதலாகச் சேர்த்துக் கொடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் தெரபிஸ்டின் 20 நிமிடமும் கொஞ்சம் எண்ணெயும்தான் உங்கள் செலவு. இதை ஒரு இடத்தில் செய்து பார்த்தோம். பாட்டிமார்களே பேத்திகளை அழைத்து வந்தார்கள். வீட்டில் தேய்த்துவிட ஆளில்லை என்றார்கள்.

## 9. வந்தவரை மறுபடி வரவைப்பதற்கு வேலை செய்யுங்கள்

புதியவரைக் கொண்டுவரக் காசு. பழையவரைக் கொண்டுவர ஒரு வாக்கியம். கிளம்பும்போது தெரபிஸ்ட் சொல்லட்டும்: "இடது தோள்ல இன்னும் இறுக்கம் இருக்கு சார், மூணு வாரம் கழிச்சு ஒரு தடவை பார்த்துக்கலாம்." உண்மையாக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். எந்த அழுத்தம் பிடித்தது, எந்த எண்ணெய், எங்கே தொடக் கூடாது என்று நோட்டில் நாலு சொல் எழுதுங்கள். அடுத்தமுறை "போன தடவை மாதிரி மெதுவா போதுமா மேடம்?" என்று கேட்டுப் பாருங்கள், அந்த முகத்தை.

பத்து அமர்வுக்கு மொத்தமாகப் பணம் வாங்கும் பேக்கேஜில் நிதானம் வேண்டும். வாங்கிய பணத்தை அந்த மாத வாடகைக்குச் செலவழித்துவிட்டு, நாலு மாதம் இலவசமாகக் கை வலிக்கச் செய்த இடங்கள் உண்டு. புதியவருக்கு மூன்று அமர்வு போதும். காலாவதித் தேதியை ரசீதில் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். எனவே முதல்முறையே சேமிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். செய்தி அனுப்பலாமா என்று படிவத்திலேயே ஒரு கட்டம் வையுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டம் வந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, குடும்பம் பார்க்கும் போனில் உங்கள் ஸ்பாவின் செய்தி வந்து நிற்பதை எல்லாரும் விரும்புவதில்லை.

## 10. இப்போது ஆட் போடலாம்

போஸ்டின் கீழே உள்ள 'பூஸ்ட்' பட்டனை அழுத்தாதீர்கள். லைக் வரும், ஆள் வராது. ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரங்களை நிர்வகிக்கும் 'ஆட்ஸ் மேனேஜர்' பக்கத்துக்குள் போய், வாட்ஸ்அப் உரையாடல் தொடங்கும் வகை ஆட்டைத் தேர்ந்தெடுத்து, கடையைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் வையுங்கள். சேலத்திலிருந்து யாரும் கோவைக்குத் தோள்பட்டை பிடித்துவிட வரமாட்டார்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி ஆட். படமும் எழுத்தும் வேறு, முதல் பதிலும் வேறு.

"உங்களுக்கு மூட்டுவலியா?" என்று தொடங்கும் ஆட்டை மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாவை நடத்தும் நிறுவனம்) நிராகரிக்கும். பார்ப்பவரின் உடல்நிலையைச் சுட்டுவது அவர்கள் விதியில் கூடாது. "நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்பவர்களுக்கான 45 நிமிடக் கழுத்து, தோள் மசாஜ்" என்று வேலையைச் சொல்லுங்கள், வலியைச் சொல்லாதீர்கள். வெறும் உடல், முன்-பின் ஒப்பீட்டுப் படங்களும் சிக்கல் தரும். கூகுள் ஆட்டிலும் அந்தரங்கச் சேவை என்று தோன்றும் எதுவும் தேறாது. இரண்டாவது பகுதியைச் செய்தவர்களுக்கு இது தானாகவே சரியாகியிருக்கும்.

உள்ளூர் இன்ஸ்டா பிரபலத்தை இலவச மசாஜுக்கு அழைத்தால், அது விளம்பரம் என்று பதிவில் குறிப்பிட வேண்டும். ஃபாலோயர்ஸ் எத்தனை என்பதைவிட எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள்.

பருவம் பார்த்துப் போடுங்கள். கல்யாணப் பேக்கேஜை ஆடி கடைசியில் விளம்பரம் செய்தால் ஆவணிக்கு எடுக்கும். மார்கழி பாதியில் செய்தால் தைக்கு. முகூர்த்த வாரத்தில் போட்டால் நேரம் கடந்துவிட்டது. கார்த்திகை முதல் நாளிலிருந்து மாலை போட்டவர்கள் வரமாட்டார்கள். ஆண்கள் பக்கம் ஒன்றரை, இரண்டு மாதம் தொய்வாக இருக்கும். அப்போது ஆண்களுக்கான ஆட்டை நிறுத்தி, பெண்கள் பக்கமும், டிசம்பரில் ஊருக்கு வரும் வெளிநாட்டுவாழ் குடும்பங்கள் பக்கமும் திருப்புங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆட்டே வேண்டாம், தானாக நிரம்பும்.

தொகையைச் சின்னதாகத் தொடங்குங்கள், நாளுக்கு 200, 300 ரூபாய், இரண்டு வாரம். ஆட்டை ஞாயிறிலிருந்து புதன்வரை ஓட விடுங்கள். வெள்ளிக்கிழமை வரும் விசாரணை எப்படியும் சனிக்கிழமை மாலையைத்தான் கேட்கும், அங்கே இடமிருக்காது.

நீள நோட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகப் போட்டு, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதுங்கள்: மேப், ஆட், தெரிந்தவர் சொன்னது, போர்டைப் பார்த்தது. ஆட் செலவை ஆட் மூலம் வந்து மசாஜ் செய்துகொண்டவர் எண்ணிக்கையால் வகுங்கள். வாட்ஸ்அப் விசாரணை எண்ணிக்கையால் வகுக்காதீர்கள், அது அழகாகத் தெரியும், பொய் சொல்லும். எட்டாவது பகுதிக் கணக்கில் ஒரு ஆளுக்கு 1,500 மீதி. ஒரு ஆளைக் கொண்டுவர ஆட்டுக்கு 600 போனால், அவர் இரண்டாம் முறை வருகிறாரா என்று பார்த்த பிறகே தொகையைக் கூட்டுங்கள். 1,500ஐத் தொட்டால் அன்றே நிறுத்திவிட்டு ஐந்தாவது பகுதிக்குப் போய், வாட்ஸ்அப்பில் யார் என்ன பதில் அனுப்பியிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.